பதினேழு பக்கத்துக்குச் சாட்சி

அன்று அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இரவல் ஷூவில் நான். அந்தப் பக்கம் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண், கழுத்தில் தொங்கும் அட்டையோடு. ஆறு மாடிக்குக் கீழே, கட்டடத்துக்கு வெளியே, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி என் அப்பா. உள்ளே வரக்கூடாது என்று காவலாளி சொன்னபோது, செருப்புக்காகத்தான் சொல்கிறான் என்று நினைத்துக் கழற்றியிருந்தார்.

அங்கே இல்லாதவர் மாமி. எர்ணாகுளத்து விசா மையத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, குன்னத்துகாலில் தன் வீட்டு முற்றத்தில் அவர் நல்லமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் நான் கொண்டுபோயிருந்த பதினெட்டுப் பக்கத்தில் பதினேழில் மாமி இருந்தார்.

கறுப்புக் கோட்டுப் பெண் முதல் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். பிறகு சீட்டுக்கட்டை விரிப்பதுபோல எல்லாவற்றையும் மேஜையில் விரித்தாள்.

"ஆராணு இது?" என்றாள். யார் இது?

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நீல மையில் ஒரு கையெழுத்து. பெயர், அப்பா பெயர், வீட்டுப் பெயர், தபாலாபீஸ், எல்லாம் முடிந்த பிறகு ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து கொடி அசைப்பதுபோல ஒரு சுழி. அந்தக் கையெழுத்தை நான் எங்கே கண்டாலும் அறிவேன். எங்கள் ஊரில் வீட்டுப் பத்திரம் உள்ள யாரும் அறிவார்கள்.

"மாமி," என்றேன்.

"யாருடைய மாமி?"

  மாமி யாருக்கும் சொந்த மாமி அல்ல. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தான் காணாத காகிதத்தில் தன் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது.

மாமியின் தாத்தா ராஜா காலத்துக் கச்சேரியில் குமாஸ்தா. அப்பா கோர்ட்டு கிளார்க். மாமிக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை. கையெழுத்து மட்டும் கிடைத்தது. நெய்யாற்றின்கரையில் நிலம் பதிய வருகிறவர்கள், இரண்டாம் சாட்சி கடைசி நேரத்தில் கால்வாரிவிட்டால், மாமிக்குத்தான் ஃபோன் செய்வார்கள். வீட்டில் நைட்டியும் தோளில் துவர்த்துத் துண்டுமாக இருப்பவர், பத்து நிமிஷத்தில் கஞ்சிப்பசை போட்ட சேலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். கைப்பையில் இரண்டு பேனா, மைப்பெட்டி, கண்ணாடி, ஆதாரின் நகல் நாலு. கூலி ஒரு சாயா, ஒரு பருப்புவடை. இரண்டாவது வடையை நீட்டினால் கையைத் தள்ளிவிடுவார்.

"ஒண்ணு சாட்சிக்கு உள்ளது. ரெண்டாவது கைக்கூலி ஆக்கும்."

ஆனால் மாமியைக் கூப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. கண்டதற்குத்தான் கையெழுத்து போடுவார். மற்ற சாட்சிகள் பேனாவைத் திறந்துகொண்டே "எங்க போடணும்?" என்பார்கள். மாமி பேனாவை மூடி வைத்துக்கொண்டு, "நிலம் எங்க?" என்பார். பத்திரம் எழுதுகிறவர், "மாமி, வாங்குகவன் கண்டாச்சு, விக்குகவன் கண்டாச்சு, பணம் கைமாறியாச்சு," என்று கெஞ்சுவார். "நான் கண்டேனா?" என்பார் மாமி. பிறகு என்ன, வாங்குகிறவரின் காரில் மாமி முன்சீட்டில் ஏற, எல்லாரும் நிலத்துக்குப் போவார்கள். மாமி நாலு பக்கமும் நடப்பார். எல்லையில் உள்ள ஒவ்வொரு அதிர்க்கல்லையும் காலால் ஒரு அழுத்து அழுத்துவார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இந்தப் பிலாவு யாருக்க மூடு?" என்று ஓரத்துப் பலாமரத்தைக் காட்டிக் கேட்பார். திரும்பி வரும்போது சில நாளில் ஆபீஸ் பூட்டியிருக்கும். அப்படியும் மாமியைத்தான் கூப்பிட்டார்கள். ஏனென்றால் மாமி சாட்சி நின்ற பத்திரத்தை எதிர்த்து எவனும் கேஸுக்குப் போனதில்லை.

கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதுவார்: கண்டேன், கையெழுத்திட்டேன். தேவைப்பட்டால் என்ன கண்டார் என்பதையும் எழுதுவார். அதுதான் சங்கடம்.

ஒருமுறை எங்கள் வார்டு மெம்பர், ரோடு நாறிக் கிடக்கிறது, எட்டு இடத்தில் பெரிய குழி, உடனே டார் போடவேண்டும் என்று மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். மாமி மனுவை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு, ரோடு முழுக்க நடந்தார். ஒன்றரைக் கிலோமீட்டர். மெம்பர் பின்னாலேயே நடந்தார். திரும்பி வந்து மாமி எழுதினார்: குழி ஏழு. எட்டாவது, மெம்பர் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் தோண்டியது.

இன்னொரு முறை பதிவுத் திருமணத்துக்கு ஒரு பையனும் பெண்ணும் வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் சாட்சி சொல்ல ஆளில்லை. மாமி அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டார்.

"மக்கா, இவன் சாப்பிடுகத கண்டிருக்கியா?"

"இல்ல மாமி. கண்டதெல்லாம் பஸ்ஸ்டாண்டுல வச்சாக்கும்."

"சாப்பிடுகத காணாம ஒருத்தனக் கெட்டுவியா? வா, காணலாம்."

மூன்று பேரும் எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தார்கள். புரோட்டா வந்தது. தன் தட்டு வந்ததும் பையன் தலை குனிந்தவன், தட்டு காலியான பிறகுதான் நிமிர்ந்தான். பெண்ணின் தட்டு அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. மாமி பேனாவைப் பையில் போட்டுவிட்டு எழுந்தார். அவர்கள் வேறு சாட்சி பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். இப்போது இரண்டு பிள்ளைகள், நல்ல சந்தோஷமான குடும்பம். இதை ஒருநாள் நான் மாமியிடம் குத்திக் காட்டினேன்.

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்," என்றார். "நான் சொன்னது அன்னைக்கு உள்ள புரோட்டாவுக்கு ஆக்கும்."

என் கதைக்கு வருகிறேன்.

அப்பா அம்பூரிப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர். தன் பெயரை எழுத அவருக்கு ஒரு நிமிஷம் ஆகும். மூன்றாவது எழுத்தில் நிறுத்தி ஒரு மூச்சு விடுவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டியவன் நான், பட்டம் வாங்கியவனும் நான். அதற்கும் மேலே போலந்தில் லாஜிஸ்டிக்ஸ் முதுகலைக்கு இடம் கிடைத்தபோது, அப்பா அந்த நாட்டின் பெயரை ரப்பர் தோட்டத்தில் எல்லாரிடமும் சொல்லி, ஒவ்வொரு முறையும் வேறு வேறாகச் சொன்னார். அக்டோபரில் வகுப்பு. அதற்குள் விசா வராவிட்டால் இடம் போய்விடும். கட்டிய முன்பணமும் போய்விடும். அது அம்மாவின் கழுத்திலிருந்து போன பணம்.

விசாவுக்குக் கேட்ட காகிதங்களில் எல்லாம் எங்களிடம் இருந்தது, ஒன்றைத் தவிர. அப்பாவின் கணக்கில் ஆறு லட்சம் ரூபாய் இருப்பதாக பாங்கு ஸ்டேட்மென்ட். அப்பாவின் கணக்கில் அதுவரை அதிகமாக இருந்தது பதினோராயிரம்.

"அதுக்கு என்ன, ஷோ மணி போட்டுறலாம்," என்றான் எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்த ஏஜென்ட். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நூற்றுக்கு மூன்று ரூபாய் வாடகை, பதினெட்டாயிரம். ஒருவன் அப்பாவின் கணக்கில் ஆறு லட்சம் போடுவான். ஒரு மாதம் அது அங்கே இருக்கும். ஸ்டேட்மென்ட் எடுத்து விசாவுக்குக் கொடுத்ததும் அவன் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வான். "எல்லாரும் செய்யியதுதான் தம்பி. ஒண்ணும் வராது."  நான் தலையாட்டினேன். நாற்பது இன்டர்வியூ கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவனுக்கு நாற்பத்தோராவதை நினைக்க நேரமில்லை.

எர்ணாகுளம் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பாறசாலைக்கு ஷூ இரவல் வாங்கப் போயிருந்தபோது மாமி வீட்டுக்கு வந்திருக்கிறார். அம்மா பெருமையாக ஃபைலை எடுத்துக் காட்டியிருக்கிறாள். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினெட்டுப் பக்கத்தையும் புரட்டிவிட்டுக் கேட்டாராம்:

"இதுல சாட்சி எங்க?"

"சாட்சி வேண்டாம்னு ஏஜென்ட் சொன்னானே மாமி."

"சாட்சி இல்லாத பேப்பர எவன் நம்புவான்? இவன் அங்க போயி, நான் இன்னாருன்னா, ஆமான்னு யாரு சொல்லுவா?"

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மாமி எழுதினார். அம்மா இரண்டு தடவை சாயா போட்டுக் கொடுத்தாள். மாமி கிளம்பும்போது ஃபைலைக் கட்டி, "கவுண்டர் வரைக்கும் பிரிக்கப்பிடாதுன்னு சொல்லு. நல்லதில்ல," என்றாராம். அம்மா அதை மந்திரம்போல எடுத்துக்கொண்டாள். ஃபைலின்மேல் மஞ்சள் வைத்து, ரப்பர்பேண்ட் மூன்று போட்டு, "பிரிச்சியானா பாரு," என்று என் கையில் கொடுத்தாள். நானும் பிரிக்கவில்லை. படித்தவன்தான், ஆனால் எங்கள் அம்மாவின் மகன்.

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் வாசிக்கத் தொடங்கினாள். மாமி மலையாளத்தில் எழுதியிருந்தார். சர்க்கார் காரியத்துக்கு மலையாளம்தான் என்பது அவர் எண்ணம். போலந்து சர்க்காரானாலும்.

புகைப்படத்தின் பக்கத்தில்: "முகம் இவனுடையதுதான். நேரில் இவ்வளவு வெளுப்பு இல்லை. ஸ்டுடியோக்காரன் செய்தது."

அவள் புகைப்படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரிதான்," என்றாள்.

நான் ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஏஜென்ட் எழுதித் தந்த கடிதத்தில், சின்ன வயதிலிருந்தே சரக்குப் போக்குவரத்து எனது கனவு என்று இருந்தது. அதன் அடியில்: "கனவு நான் கண்டதில்லை. சின்ன வயசில் இவன் ஒரு சைக்கிளில் ஒன்பது வாழைக்குலை கட்டிச் சந்தைக்குப் போனது கண்டேன். ஒன்றும் விழவில்லை."

மருத்துவக் காப்பீட்டில்: "உடம்புக்குக் கேடில்லை. போன மழைக்கு மஞ்சக்காமாலை வந்தது. மாறினது கண்டேன்."

விமான டிக்கெட் முன்பதிவில்: "டிக்கெட்டு கண்டேன். விமானம் கண்டதில்லை."

பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தில்: "பள்ளிக்கூடம் கண்டதில்லை. இந்தக் கடிதம் வந்த அன்று இவன் கோழிக்கூட்டின்மேல் ஏறிக் குதித்தது கண்டேன். கூடு உடைந்தது."

பக்கத்துக் கவுண்டர்க்காரனும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். எனக்கு ஷூவுக்குள் கால் வியர்த்தது.

கடைசியில் அப்பாவின் உறுதிமொழி. என் செலவை எல்லாம் தானே ஏற்பதாக முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி வக்கீல் சீல் வைத்தது. அதில் மாமி எழுதியிருந்தார்: "தகப்பன் இவன்தான். செலவு செய்ய மனசு உண்டு. மனசு கண்டேன்."

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்தினாள். எல்லாப் பக்கத்தையும் மறுபடி அடுக்கினாள். பதினேழு. அப்புறம் ஒன்று தனியே மிச்சம் இருந்தது. பாங்கு ஸ்டேட்மென்ட். சுத்தமாக, வெள்ளையாக, ஒரு புள்ளி மை இல்லாமல். எல்லாவற்றிலும் அழுக்கு இருக்கும்போது சுத்தமாக இருப்பது எவ்வளவு பெரிய அழுக்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் அதன்மேல் விரலை வைத்தாள்.

"இதில் மட்டும் ஏன் இல்லை?"

நாற்பது கேள்விக்கும் பதில் தெரியும் எனக்கு. இது அதில் இல்லை. வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்:

"மாமி அந்தப் பணத்தைக் கண்டதில்லை."

"நீங்க கண்டிருக்கீங்களா?"

"நானும் கண்டதில்லை."

அவள் கம்ப்யூட்டரில் எதையும் தட்டவில்லை. பிறகு காகிதங்களை ஃபைலில் போட்டு, அம்மாவின் மூன்று ரப்பர்பேண்டையும் திரும்ப மாட்டினாள். "இப்படி எழுதின பேப்பரை எடுக்க முடியாது. மற்றதை மறுபடி பிரிண்ட் எடுத்துவிடலாம், ஆனால் முத்திரைத்தாள் புதுசு வேண்டும். அது இன்றைக்கு நடக்காது. அடுத்த தேதி முப்பத்தெட்டு நாள் கழித்துத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் புதுசாகக் கொண்டுவாருங்கள்." எழுந்தவனை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "எல்லாவற்றையும்," என்றாள்.

திரும்புகிற ரயிலில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணீரை அப்பா காணக்கூடாது. கொல்லம் தாண்டியதும் அப்பா ஃபைலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"எலே, அந்தப் போட்டோவுல என்ன எழுதியிருக்கா?"

சொன்னேன்.

"கோழிக்கூடு?"

சொன்னேன்.

அப்பா சிரிக்கத் தொடங்கினார். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. கையிலிருந்த சாயா எதிர்சீட்டுக்காரர் வேட்டியில் சிந்தியது. என் அப்பா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் தானாகவே நின்றது. "எனக்குள்ளதுல?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். அப்பா நெய்யாற்றின்கரையில் இறங்கும்போது, "மனசக் கண்டாளாமா," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக மாமி வீட்டுக்குப் போனேன். மாமி முற்றத்தில் குந்தியிருந்து காய்ந்த மிளகை முறத்தில் வாரிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் நிமிரவில்லை.

"கேட்டாளா?" என்றார்.

"யாரு?"

"கவுண்டர்ல இருக்கவ. பாங்கு பேப்பருல ஏன் இல்லன்னு."

"கேட்டா."

"கெட்டிக்காரி."

"மாமி, எனக்க சீட்டு போயிரும். முப்பத்தெட்டு நாளு. அதுக்குள்ள ஷோ மணியும் போயிரும். வர்ற திங்களாச்ச அவன் எடுத்துருவான். உங்களுக்கு என்ன தெரியும்? யாரு உங்களக் கையெழுத்துப் போடச் சொன்னா?"

மாமியிடம் அப்படிக் குரலை உயர்த்தியவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து நின்றது. மாமி முறத்தைத் தட்டினார். கல்லும் தூசியும் ஓரமாக ஒதுங்கின.

"செரி. நான் கையெழுத்துப் போடல்லன்னு வை. நீ அங்க போயிட்ட. போலந்துக்காரன் ரெண்டாம் ஃபீஸு கொண்டான்னு கேப்பான். அப்பம் என்ன காட்டுவ? இந்த வெளுத்த போட்டோவையா?"

 வேலை செய்து கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். ஏஜென்ட் அங்கே போனதில்லை.

"உங்க அப்பனுக்கு எட்டு சென்ட் உண்டு," என்றார் மாமி. "நாலதிரும் நான் மிதிச்சதாக்கும். அத வச்சு நேரா பாங்குல கேளு. நான் வாறேன்."

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். மாமியின் வீடு சின்னது. அவருடைய பூர்விகத் தறவாட்டு வீடு, அந்தப் பெரிய தோப்போடு, இரண்டு வளைவு தள்ளி இருக்கிறது. அதில் அவர் அண்ணன் மக்கள் இருக்கிறார்கள். அம்மா எப்போதாவது தாழ்ந்த குரலில் சொல்வாள்: பாகப்பத்திரத்தில் மாமி தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்தை மாமி போடவில்லை. ஆனால் மாமி போட்டதைக் கண்டதாக இரண்டு பேர் சாட்சி எழுதியிருந்தார்கள். காலேஜில் படிக்கும்போது ஒருநாள், நியாயம் கேட்கப் போகிறவன் மாதிரி நான் இதை மாமியிடமே கேட்டிருக்கிறேன். உண்மையா மாமி?

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமி. "நான் கண்டதில்லல்லா."

சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறாயா என்று கேட்டார்.

எங்கள் பக்கத்துக் கூட்டுறவு பாங்கில் எட்டு சென்ட்டையும் வீட்டையும் ஈடு வைத்துக் கடன் கிடைக்க இருபத்தாறு நாள் ஆனது. அந்த இருபத்தாறு நாளில் அப்பா ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ராத்திரி கை கழுவியபின் வீட்டுச் சுவரை ஒரு தட்டு தட்டிவிட்டுப் படுப்பார், அவ்வளவுதான். ஷோ மணி அதற்கு முன்பே போய்விட்டது, வாடகை பதினெட்டாயிரத்தையும் எடுத்துக்கொண்டு. கையெழுத்துப் போடும் நாளில் அப்பா, அம்மா, நான், மாமி நாலு பேரும் மானேஜர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அப்பா தன் பெயரை எழுதினார். மூன்றாவது எழுத்தில் மூச்சு விட்டார். பிறகு மானேஜர் காகிதத்தை மாமியின் பக்கம் திருப்பினார். மாமி பேனாவைத் திறக்கவில்லை.

"பணம் எங்க?"

"கணக்கில் ஏறிவிடும் அம்மா. சிஸ்டத்தில் வரும்."

"சிஸ்டம் நான் கண்டதில்லல்லா."

"அம்மா, இப்போ எல்லாரும் இப்படித்தான்."

"இப்பிடித்தான் கழிஞ்ச மாசமும் ஆறு லெட்சம் இவனுக்க கணக்குல ஏறிச்சு. பேப்பருல உண்டு. எங்க போச்சு?"

மானேஜர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மேஜைக்கு அடியில் பார்த்தார். அம்மா ஃபேனைப் பார்த்தாள். நான் எதைப் பார்த்தேன் என்று ஞாபகம் இல்லை.

மாமி எழுந்தார். "காணாம நான் போடமாட்டேன். வேற ஆளு பிடிச்சுக்கோ." கைப்பையைத் தோளில் மாட்டினார்.  விசா மையத் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

மானேஜர் வேறு ஆள் பிடித்திருக்கலாம். வெளியே வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். ஆனால் அவருடைய சொந்த வீட்டுப் பத்திரத்திலும் இரண்டாம் சாட்சி மாமிதான். அவருடைய கிணற்றடியில் நின்று பக்கத்து நிலத்தைக் காட்டி, "இது மூணடி அங்கோட்டு கேறியிருக்கே," என்று மாமி சொன்னதும், அப்படியே பத்திரத்தைத் திருத்தியதும் அவருக்கு மறந்திருக்காது. அவர் பெருமூச்சு விட்டு மணியை அடித்தார். காஷியர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் தட்டில் கட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஐந்நூறு ரூபாய்க் கட்டு பன்னிரண்டு.

மாமி எண்ணவில்லை. பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"தொட்டுக்கோடே. உனக்க பேருல உள்ளதாக்கும்."

அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். ரப்பர்பால் படிந்து கறுத்த விரல்கள் அவருக்கு. துணியில் இரண்டு தடவை துடைத்தார். ஒரே ஒரு விரலை நீட்டி மேல்கட்டைத் தொட்டார். சூடு பட்டதுபோல எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் வந்தது சந்தோஷமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை. அந்தத் தட்டில் இருந்தது எங்கள் வீடு. அது பணமாக உட்கார்ந்திருந்ததை அவர் அப்போதுதான் கண்டார். நானும் அப்போதுதான்.

தட்டு திரும்பப் போனது. எழுத்தாகக் கணக்கில் ஏறியது. மாமி பேனாவைத் திறந்து, கண்டேன், கையெழுத்திட்டேன் என்று எழுதி, ரயிலை ஓடவிட்டு, கடைசிப் பெட்டியில் கொடியும் அசைத்தார். பாங்குக்கு வெளியே கடையில் அப்பா மாமிக்கு வழக்கமான கூலியை வாங்கிக் கொடுத்தார். நான் அங்கே நிற்கவில்லை. ஸ்டேட்மென்ட் வாங்க ஓடிவிட்டேன்.

இரண்டாம் முறை போனபோதும் அதே கறுப்புக் கோட்டுப் பெண். பதினெட்டுப் பக்கமும் சுத்தமாக இருந்தன. ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தாள். கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"சாட்சி இல்லையா?"

"உண்டு. இந்தத் தடவை பதினெட்டுக்கும் உண்டு," என்றேன். "வீட்டில் இருக்கிறார்."

புகைப்படமும் புதிது. நேரில் உள்ள நிறத்திலேயே எடுத்திருந்தேன். விசா வந்தது, வகுப்பு தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது. கிளம்புகிற அன்று மாமி என் பாஸ்போர்ட்டை வாங்கி, ஒட்டியிருந்த விசாவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கைப்பையைத் திறந்தார். அம்மா பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

மூன்று வருடம் ஆகிறது. படிப்பு முடிந்து ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். ஒரு லாரியில் எத்தனை பெட்டி விழாமல் போகும் என்று சொல்வது என் வேலை. கடனில் பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது. போன மாதம் பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வம்புக்காகக் கணக்கு ஒன்று போட்டேன். மாமியின் பதினேழு கையெழுத்தால் எங்களுக்கு ஆன நஷ்டம். வீணாய்ப்போன ஷோ மணி வாடகை பதினெட்டாயிரம். மையத்தில் இரண்டாம் முறை கட்டணம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். முத்திரைத்தாளும் நோட்டரியும் ஐந்நூறு. மறுபடி எர்ணாகுளம் போய்வந்த ரயில், சாப்பாடு ஆயிரத்து நூறு. பாங்கு வாசலில் மாமிக்குச் சாயா பன்னிரண்டு, பருப்புவடை ஒன்று பன்னிரண்டு. ஆக இருபத்தோராயிரத்து ஐந்நூற்று இருபத்துநாலு. அழகாக எழுதி, அடியில் "சாட்சி" என்று ஒரு கோடும் போட்டு, படம் எடுத்து அம்மாவின் ஃபோனுக்கு அனுப்பினேன். அம்மா அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாமியிடம் போனாள்.

மறுநாள் பதில் படமாக வந்தது. ரயில் ஓடியிருந்தது, கொடி அசைந்திருந்தது. மேலே மாமியின் எழுத்து:

"ஷோ மணி, ரெயில், மற்றது ஒன்றும் நான் கண்டதில்லை. வடை ஒன்றல்ல, இரண்டு. உன் அப்பன் நீட்டினான். அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டேன், கையெழுத்திட்டேன்."

கணக்கைத் திருத்திக் கூட்டினேன். இருபத்தோராயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு ரூபாய்.